மாணவரின் முதல் வேகக்கார்: குதிரைத்திறனுக்கு முன் எடையைப் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது. கல்லூரியில் படிக்கும் ஒருவர், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய கார் ஒன்றை வாங்க விரும்புகிறார். அது தினமும் வகுப்புக்குப் போய்வர உதவ வேண்டும். வளைவுகள் நிறைந்த சாலையில் ஓட்டும்போது மனம் துள்ளவும் வேண்டும். நண்பர்களோ 300 குதிரைத்திறனுக்குக் குறைந்த எதையும் வாங்காதே என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1,300 கிலோவுக்கு உட்பட்ட எடை, 110 முதல் 200 வரையிலான குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர், முந்தைய உரிமையாளர் யாரும் மாற்றியமைக்காத என்ஜின், ஒழுங்கான பராமரிப்புப் பதிவு ஆகியவை ஒருங்கே அமைந்த காரைத் தேடுங்கள். கையிலுள்ள பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதன் விலையாகக் கொடுக்காதீர்கள். மீதிப் பணம் காப்பீட்டுக்கும், டயருக்கும், வாங்கிய சில மாதங்களில் நிச்சயமாக வந்து சேரும் பழுதுகளுக்கும் தேவைப்படும்.

எடையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களும் நண்பர்களின் பேச்சும் எப்போதும் குதிரைத்திறனைப் பற்றியே இருக்கின்றன. குதிரைத்திறன் நேர்ச்சாலையில் வேகம் எடுக்க மட்டுமே உதவுகிறது. எடைக் குறைவோ வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, திரும்பியபின் நிமிர்வது என எல்லாவற்றிலும் உதவுகிறது. ஒரு காரைச் சாலையோடு இணைப்பவை உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகள் மட்டுமே. 1,600 கிலோ எடையை வளைவில் திருப்ப அந்த நான்கும் படும் பாட்டை 1,000 கிலோ கார் தன் டயர்களுக்குத் தருவதில்லை. இதன் பயன் பணத்திலும் தெரியும். எடை குறைந்த காருக்குச் சிறிய டயரும் சிறிய பிரேக் டிஸ்க்கும் போதும். அவை விலையும் குறைவு, தேய்வதும் மெதுவாகத்தான். மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பொறியியல் கொள்கை வேறில்லை.

மாஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல சான்று. 1.6 லிட்டர் என்ஜின், ஏறத்தாழ 115 குதிரைத்திறன், 1,000 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவற்றுக்கும் இதைவிட அதிகச் சக்தி உண்டு. ஆனாலும் அந்தக் கார் நான்கு தலைமுறைகளாகத் தொடர்ந்து தயாராகி, 2016-இல் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டு, இரண்டு இருக்கை கொண்ட திறந்த வகைக் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்ற பெயரைப் பெற்றது. அதற்கு முன்பே, 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, வெறும் 110 குதிரைத்திறனைக் கொண்டு, வேகமான சிறிய ஹேட்ச்பேக் என்ற புதிய கார் வகைக்கே வழிவகுத்தது. அதன் எடை 850 கிலோவைக்கூட எட்டவில்லை. ஓட்டும் இன்பத்துக்குப் பெயர்பெற்ற இவ்விரண்டும், சக்தியைக் கூட்டி அந்தப் பெயரைப் பெறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பெரும்பாலானோர் காரை வாங்கிய பிறகே உணர்கிறார்கள். 300 குதிரைத்திறன் கொண்ட ஒரு காரில் இரண்டாவது கியரை முழுமையாக இழுத்தாலே மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கிவிடும். அதாவது, பொதுச்சாலையில் சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் அந்தக் காரின் திறனில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பயன்படுத்த முடியும். மீதியைச் சுவைக்க வேண்டுமானால் உரிமத்தையோ உயிரையோ பணயம் வைக்க வேண்டும். எடை குறைந்த, மிதமான சக்தியுள்ள காரில் நிலைமை வேறு. மூன்றாவது கியரில் இருந்து இரண்டாவதுக்கு இறக்கி, என்ஜினை நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் பாட விட்டு, வளைவின் நடுவில் ஸ்டீயரிங் கையில் கனப்பதையும் லேசாவதையும் உணர்ந்து ஓட்டும்போதும் வேகமானி 80-ஐச் சுற்றியே நிற்கும். கார் முழுமையாக உழைக்கிறது, ஓட்டுபவரும் முழுமையாக உழைக்கிறார், ஆனால் வேகம் கட்டுக்குள் இருக்கிறது. ஓட்டக் கற்றுக்கொள்ளும் வயதில் இதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது.

2012-இல் வெளிவந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஆகிய இரட்டையரை வடிவமைத்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 2 லிட்டர் என்ஜினும் 200 குதிரைத்திறனும் கொண்ட அந்தக் காருக்கு, அகலமான பந்தய டயர்களைப் பொருத்தாமல், 215 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரணப் பயண டயர்களையே பொருத்தினார்கள். பிடிமானம் எங்கே தளரத் தொடங்குகிறது என்பதை ஓட்டுபவர் குறைந்த வேகத்திலேயே உணர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அகல டயர்கள் அந்த எல்லையைத் தள்ளி வைக்கும். ஆனால் எல்லையை மீறும்போது அதிக வேகத்தில், குறைந்த முன்னறிவிப்போடு மீற நேரும்.

எந்தச் சக்கரங்கள் காரை இயக்க வேண்டும் என்பதில் சண்டைகள் அதிகம்; பின்சக்கர இயக்கம் இல்லாதது வேகக்காரே இல்லை என்பவர்களும் உண்டு. அது சரியல்ல. முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய ஹேட்ச்பேக் கார்கள் புத்தகங்களையும் நான்கு பேரையும் ஏற்றிக்கொள்ளும், மழையில் நம்பிக்கை தரும், உதிரிபாகங்களைச் சாதாரண மாடலோடு பெருமளவு பகிர்ந்துகொள்ளும். வளைவில் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பகுதி லேசாக வெளியே நகரும் வகையில் அமைந்தவையும் அவற்றில் உண்டு. ஓட்டுபவருக்கு அது தரும் பாடம் பின்சக்கர இயக்கக் காரின் பாடத்துக்குச் சளைத்ததல்ல. பின்சக்கர இயக்கத்தில் திருப்பும் வேலை முன்சக்கரங்களுக்கும் தள்ளும் வேலை பின்சக்கரங்களுக்கும் எனப் பிரிந்திருப்பதால் ஸ்டீயரிங் தூய்மையாகப் பேசும். ஆனால் தேய்ந்த டயரோடு ஈரச் சாலையில் அவசரப்பட்டால் அது மன்னிப்பதும் குறைவு.

நான்கு சக்கர இயக்கத்தைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அது வேகம் எடுக்கும்போது மட்டுமே பிடிமானத்தைக் கூட்டித் தருகிறது. பிரேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும்தான் பிரேக் இருக்கிறது. வழுக்கும் சாலையில் எளிதாக வேகம் எடுத்துவிட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் மற்றவர்களைப் போலவே வழுக்குவது அத்தகைய கார்களை ஓட்டும் இளைஞர்களுக்கு அடிக்கடி நேர்வது. செலவிலும் வேறுபாடு உண்டு: நான்கு டயர்களின் சுற்றளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையேல் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு ஓயாமல் சுழன்று சூடாகிச் சேதமடையும். ஆகவே ஒரு டயர் கிழிந்தால் பல நேரங்களில் நான்கையும் மாற்ற நேரும். பனி கொட்டும் ஊரில் வாழ்பவருக்கு இந்தச் செலவு நியாயமானதே. மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல டயர்களில் போடலாம்.

காற்றை அழுத்தி உள்ளே செலுத்திச் சக்தியைக் கூட்டும் டர்போ என்ஜின்களை நான் ஒட்டுமொத்தமாக ஒதுக்கவில்லை. 2013-இல் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி 1.6 லிட்டர் டர்போவோடு 182 குதிரைத்திறன் தந்தது. 2017-இல் வந்த சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 லிட்டர் டர்போவும் 140 குதிரைத்திறனும் கொண்டிருந்தும் ஒரு டன்னுக்குக் குறைந்த எடையோடு நின்றது. இரண்டுமே ஒரு மாணவருக்கு மிகப் பொருத்தமானவை. சிக்கல், பழைய டர்போ கார்களின் வரலாற்றில் இருக்கிறது. டர்போ காரின் கணினி நிரலை மாற்றினால் சில நிமிடங்களில் சக்தி கணிசமாகக் கூடும். விற்கும்போது பழைய நிரலை மீண்டும் ஏற்றிவிட்டால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிய பிஸ்டனும் கிளட்ச்சும் கியர்ப்பெட்டியும் அதை மறப்பதில்லை. டர்போவின் தாங்கிகள் சூட்டில் வேகும் எண்ணெயை நம்பியே வாழ்கின்றன. எண்ணெய் மாற்றத்தை ஒருமுறை தள்ளிப்போட்ட உரிமையாளர் அந்தச் செலவை அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார். டர்போ இல்லாத என்ஜினில் இப்படி மறைந்து கிடக்கும் அபாயம் குறைவு.

இனிச் செலவைப் பற்றிப் பேசுவோம். பழைய காரின் விலை குறையும். அதன் உதிரிபாகங்களின் விலை குறையாது. புதிதாக இருந்தபோது செல்வந்தர் வாங்கிய ஆறு சிலிண்டர் ஜெர்மன் கார், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிறிய ஹேட்ச்பேக்கின் விலைக்குக் கிடைக்கிறது என்றால், அது சலுகை அல்ல; அதன் சஸ்பென்ஷன் கைகளும் குளிரூட்டும் குழாய்களும் இன்னும் செல்வந்தரின் காருக்குரிய விலையிலேயே விற்கின்றன என்பதைச் சந்தை அறிந்து வைத்திருக்கிறது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அது இதுதான். 1998 முதல் 2006 வரை தயாரான பிஎம்டபிள்யூ இ46 வரிசையை ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அதன் ஸ்டீயரிங்கும் நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜினும் அத்தகையவை. ஆனால் சஸ்பென்ஷனைத் தாங்கும் பின்புறத் துணைச்சட்டம் பொருந்தும் இடத்தில் அடித்தளத் தகடு விரிசல் விடுவதும், பிளாஸ்டிக்காலான குளிரூட்டும் பாகங்கள் வயதால் நொறுங்குவதும் அந்த வரிசைக்கு நன்கு தெரிந்த குறைகள். தானே பழுது பார்க்கத் தெரிந்தவருக்கும், போக்குவரத்துக்கு வேறு வழியுள்ளவருக்கும் மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

காப்பீட்டை, காரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இளம் வயது, குறைந்த ஓட்டுநர் அனுபவம், வேகக்கார் என்ற மூன்றும் சேரும்போது பல நாடுகளில் ஆண்டுக் காப்பீட்டுத் தொகை காரின் விலையையே நெருங்குவதுண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே உடலமைப்புள்ள இரண்டு மாடல்களுக்கு இடையே, பெயருக்குப் பின்னால் வரும் ஓரிரு எழுத்துகளால் மட்டும் பெருத்த வித்தியாசம் வரலாம். ஆகவே மனத்தில் உள்ள ஐந்தாறு கார்களுக்கும் தனித்தனியாக மதிப்பீடு வாங்கி, எட்டாதவற்றை அப்போதே பட்டியலில் இருந்து நீக்கிவிடுங்கள். பெற்றோர்தான் முதன்மை ஓட்டுநர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் ஓட்டுவதும், காரில் செய்த மாற்றங்களை மறைப்பதும், விபத்து நேரும் நாளில் இழப்பீடே கிடைக்காமல் செய்துவிடக்கூடியவை. அடுத்தவருக்கு நேர்ந்த காயத்துக்கான செலவு ஒரு மாணவரின் தோளில் விழுந்தால், அது பல ஆண்டுகளுக்கு இறங்காத பாரம்.

எந்தக் கார் எந்த நாட்டில் கிடைக்கும் என்பது வேறுபடும். ஆகவே கீழே சொல்பவற்றைக் கட்டளையாகக் கொள்ளாமல், ஒவ்வொன்றிலும் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அறிய எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்எக்ஸ்-5 காரில் என்ஜின் பெரும்பாலும் நீடித்து உழைக்கும், எதிரி துருதான். துணிக்கூரையில் விழும் மழைநீர் வடியும் துளைகள் இலைச் சருகுகளால் அடைபட்டால், நீர் கதவுக்குக் கீழேயுள்ள பக்கவாட்டுச் சட்டத்துக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். பின்சக்கர வளைவுக்கு முன்னால், சட்டத்தின் கடைசிப் பகுதியைக் குனிந்து விரலால் அழுத்திப் பாருங்கள்; வண்ணப்பூச்சு கொப்புளித்திருந்தால் உள்ளே தகடு ஏற்கெனவே போய்விட்டது என்று கொள்ளலாம். இரண்டாம் தலைமுறையில் முன்புறச் சட்டங்களும் இவ்வாறு அரிக்கும். இரண்டு இருக்கைகளே உள்ளன என்பது சிலருக்குக் குறை. ஆனால் கூட்டமாக நண்பர்களை ஏற்றிக்கொள்ள முடியாமை இளம் ஓட்டுநருக்கு நன்மையே என்பது என் கருத்து. உடன் வரும் நண்பர்களின் எண்ணிக்கை கூடக் கூட இளம் ஓட்டுநரின் விபத்து அபாயமும் கூடுகிறது.

டொயோட்டா 86 அல்லது பிஆர்இசட் வாங்குவதானால், தொடக்க ஆண்டுகளில் தயாரானவற்றுக்கு வால்வு ஸ்பிரிங் குறைபாட்டுக்காக நிறுவனமே திரும்ப அழைப்பு விடுத்தது என்பதை நினைவில் வையுங்கள். அந்த வேலை முடிந்ததா, யார் செய்தார்கள் என்று ஆவணத்தோடு கேளுங்கள். என்ஜினைப் பெருமளவு பிரித்துச் செய்யும் வேலை அது. செய்தவரின் திறமையைப் பொறுத்தே அந்த என்ஜினின் எதிர்காலம் அமையும். நடுத்தரச் சுற்றுகளில் அதன் இழுவை சற்றுத் தளர்வதைப் பலரும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கியரை ஒன்று இறக்கினால் மறைந்துவிடும்.

2006 முதல் 2011 வரை வட அமெரிக்காவில் விற்ற ஹோண்டா சிவிக் எஸ்ஐ, 8,000 சுற்று வரை ஏறும் 2 லிட்டர் என்ஜினும் 197 குதிரைத்திறனும் முன்சக்கரங்களுக்கு வழுக்கல் தடுக்கும் டிஃபரன்ஷியலும் கொண்டது. ஒரே காரில் வகுப்புக்கும் வளைவுக்கும் போக வேண்டியவருக்கு அதைவிட நிறைவான தேர்வு குறைவு. அதில் மூன்றாவது கியர் உரசுவதும், தானாக நழுவி நடுநிலைக்கு வருவதும் தெரிந்த குறை. என்ஜின் சூடான பிறகு, அதிகச் சுற்றில் இரண்டிலிருந்து மூன்றுக்கு விரைவாக மாற்றிப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும்.

ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ காரில் உயர் அழுத்த எரிபொருள் பம்பை இயக்கும் சிறிய உலோகக் கிண்ணம் தேயும். விலை குறைந்த பாகம்தான், ஆனால் கவனிக்காமல் விட்டால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையே தின்றுவிடும். ஆறாம் தலைமுறையின் தொடக்க ஆண்டுகளில், வால்வுகளை என்ஜினின் சுழற்சியோடு ஒத்திசைக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் பாகம் தோற்று என்ஜினே பாழானதுண்டு. 2007-க்குப் பிந்தைய டர்போ மினி கூப்பர் எஸ் காரிலும் அதே செயின் சிக்கல். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது கடகடவென ஒலித்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 தன் 9,000 சுற்று சுழல் என்ஜினால் யாரையும் மயக்கும். ஆனால் அது வடிவமைப்பின்படியே எண்ணெயை எரிக்கும், எரிபொருளை அதிகம் குடிக்கும், சுழலும் பாகத்தின் முனைகளில் வாயு கசியாமல் தடுக்கும் அடைப்பான்கள் தேய்ந்தால் என்ஜினையே மீண்டும் கட்ட வேண்டும். 2.5 லிட்டர் டர்போ சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார்களில் பிஸ்டனில் ரிங் அமரும் விளிம்பு உடைவது, குறிப்பாக மாற்றியமைக்கப்பட்டவற்றில், நன்கு தெரிந்த கதை. மாணவரின் முதல் காராக இவ்விரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாடலின் பெயரைவிட, எதிரே நிற்கும் அந்த ஒரு காரின் நிலையே முக்கியம். பார்க்கப் போகும்போது என்ஜினை முன்கூட்டியே கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் ஒரு சத்தத்தை அவர் மறைக்க விரும்புகிறார் என்று ஐயப்படலாம். எண்ணெய்க் கோலை உருவித் துடைத்து மீண்டும் இட்டு அளவைப் பாருங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தில் பால்போன்ற படிவு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் குளிரூட்டும் நீர் எண்ணெயோடு கலக்கிறது என்று பொருளாகலாம். கிளப்பும்போது ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், நிற்காமல் தொடரும் அடர்ந்த வெண்புகை குளிரூட்டும் நீர் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகையையும் காட்டும்.

டயர்கள் முந்தைய உரிமையாளரின் குணத்தைச் சொல்லிவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு சக்கரங்களிலும் நான்கு நிறுவனங்களின் மலிவு டயர்கள் இருந்தால், டயரில் மிச்சம் பிடித்தவர் எண்ணெயில் தாராளமாக இருந்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் தவறியிருக்கிறது அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ வளைந்திருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது வானொலியை அணைத்துவிடுங்கள். ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதியுங்கள்; வேகம் கூடாமல் என்ஜின் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்துவிட்டது. பின்னால் வண்டி வராத நேர்ச்சாலையில் பலமாகப் பிரேக் பிடித்து, கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான, காரின் கணினி பதிந்த பிழைகளைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பில் ஒரு மலிவான படிப்பானைச் செருகினால் பிழைக்குறிகள் தெரியும். பிழை எதுவும் இல்லை என்று வந்ததும் மகிழ்ந்துவிடாமல், காரின் கணினி தானே செய்யும் உள்சோதனைகள் முடிந்தனவா என்ற பக்கத்தையும் பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், யாரோ அண்மையில்தான் பிழைகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்; சில நாள் ஓடிய பின் மறுபடி வருகிறேன் என்று சொல்லுங்கள். இவை எல்லாவற்றுக்கும் பிறகும், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கட்டணம் கொடுத்து லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுங்கள். காரை அங்கே கொண்டுவர விற்பவர் மறுத்தால் அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். சறுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி அமைப்பு அமெரிக்காவில் 2012 மாடல்களில் இருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-இன் பிற்பகுதியில் இருந்து எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது. தனிக் காரே கட்டுப்பாடிழந்து சறுக்கும் விபத்துகளைக் குறைப்பதில் இருக்கைப் பட்டைக்குப் பிறகு வந்த மிகப் பெரிய முன்னேற்றம் அதுவே என்று நான் கருதுகிறேன். 1990-களின் லேசான கார்களில் அது இல்லை. சிலவற்றில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்கூட இல்லை. எடைக் குறைவைப் புகழ்ந்த நானே இதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்: தினமும் நெடுஞ்சாலையில், மழையிலும் இரவிலும் போக வேண்டியவர் பழைய எம்எக்ஸ்-5 மீதான ஆசையைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்துவிட்டு, இஎஸ்சி உள்ள ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபியஸ்டா எஸ்டி போன்ற ஒன்றை எடுப்பதே பொறுப்பான தேர்வு.

வாங்கியதும் முதல் செலவு சைலன்சரிலும் பெரிய சக்கரங்களிலும் போகக் கூடாது. என்ஜின் எண்ணெய், கியர் எண்ணெய், குளிரூட்டும் நீர், பிரேக் திரவம் ஆகிய நான்கையும் மாற்றி, அன்றைய கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினாக இருந்து, அது மாற்றப்பட்டதற்கு ஆவணம் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு உடனே மாற்றுங்கள். பிறகு நல்ல டயர்கள், சக்கரக் கோணச் சீரமைப்பு, தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்கள் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறைகள்). பழைய காரின் ஸ்டீயரிங் மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் சக்தியின்மை காரணமில்லை. இறுகிப் பிளந்துபோன ரப்பர் புஷ்களும் களைத்த ஷாக் அப்சார்பர்களுமே காரணம். நிறுவனம் தந்த அதே வகைப் பாகங்களைப் புதிதாகப் பொருத்தினாலே, கார் முதலில் எப்படி ஓட வேண்டும் என்று பொறியாளர்கள் நினைத்தார்களோ அப்படி ஓடத் தொடங்கும்.

பிரேக் திரவத்தைப் பற்றிச் சிறிது கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் கவனிப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரையறை 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் மீண்டும் மீண்டும் பிரேக் பிடிக்கும்போது அந்த வெப்பநிலை எட்டக்கூடியதே. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் உண்டாகி, மிதி தரை வரை இறங்கும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வேகத்தைச் சுவைக்க மூடிய தடங்களுக்குப் போங்கள். காலியான திடலில் கூம்புகளை நட்டு, கடிகாரத்தோடு ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டிகள் நடக்கும் இடங்களில் அதுவே மாணவருக்கு மிக மலிவான பயிற்சி: பெரும்பாலும் இரண்டாவது கியரைத் தாண்டாமலே காரின் எடை முன்னும் பின்னும் நகர்வதை உடலால் உணர்ந்துகொள்ளலாம், தவறினால் ஒரு கூம்பு விழுவதோடு முடியும். பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள் செலவு கூடியது. சாதாரணக் காப்பீடு பல நேரங்களில் அதை ஏற்காது, ஒரு நாளிலேயே ஒரு தொகுதி பிரேக் பேட்கள் கரையலாம். போவதானால் முந்தைய வாரமே திரவத்தை மாற்றி, பேட்களின் தடிமனை அளந்து, சக்கர நட்டுகளை முறுக்குவிசைக் குறட்டால் சரிபார்த்து, பயிற்றுநர் ஒருவரைப் பக்கத்து இருக்கையில் அமர்த்திக்கொள்ள முன்பதிவு செய்துவிடுங்கள்.